யாழ்ப்பாணத்தில் ஸ்கேட்போட்: முதல் சனிக்கிழமையிலிருந்து முதல் போட்டி வரை

நான் நடத்திய முதல் ஸ்கேட்போட் போட்டிக்கு இருபது அடி பனர் இருந்தது. வாடகைக்கு எடுத்த பெரிய ஒலிபெருக்கிகள் இருந்தன. நூறு கதிரைகள் இருந்தன. ஓடுவதற்கு நாலு பெடியள் இருந்தார்கள். பிரதம விருந்தினர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். விளக்கேற்றி, மாலை போட்டு, நாலு பேர் பேசி முடிய வெயில் இறங்கிவிட்டது. அரை இருட்டில் ஓடிய ஒரு பெடியன் மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு மற்ற மூன்று பேர்தான் வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நிகழ்வு நன்றாக நடந்ததா என்று யாராவது கேட்டால், அடுத்த சனிக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். கூட்டத்தையோ வீடியோ பார்வைகளையோ பார்ப்பதில்லை. கீழே உள்ள படிகளின் வரிசை இந்தக் கணக்கில் எழுந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் பத்தாம் படியிலிருந்து தொடங்கப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பெரியவர்கள் மூன்று பேர் வேண்டும். ஒருவருக்குப் பலகையில் நின்று தள்ள, நிறுத்த, திரும்பத் தெரிந்திருக்க வேண்டும்; பெரிய வித்தைக்காரராக இருக்கத் தேவையில்லை. ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மூன்றாமவர் அதிகாரிகளோடும் பெற்றோரோடும் பொறுமையாகக் கதைக்கக்கூடியவராக இருக்க வேண்டும். தனி ஒருவர் தொடங்கினால், ஒரு பிள்ளை விழுந்து அழும்போது மற்றப் பதினான்கு பிள்ளைகளையும் பார்க்க ஆளில்லை.

சாமான்கள்: ஆறு பலகைகள், எட்டுத் தலைக்கவசங்கள், மணிக்கட்டுக் காப்பு நாலு சோடி, தும்புத்தடி இரண்டு, முதலுதவிப் பெட்டி, ஒரு கொப்பி. கொப்பியில் ஒவ்வொரு கிழமையும் வந்தவர்களின் பெயர், வயது, வீட்டுத் தொலைபேசி இலக்கம் மூன்றையும் எழுதுங்கள். போட்டி வைப்பதா இல்லையா என்பதைப் பிறகு அந்தக் கொப்பிதான் சொல்லும்.

2. நிலத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படிக்கு ஒரு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை. நிலம் பிழைத்தால் மற்ற எல்லாம் பிழைக்கும்.

எங்கள் ஊரில் மிக வழுவழுப்பாக இருப்பது காப்பெற் றோட்டு. அதில் ஓடிப்பார்த்த எவருக்கும் வேறு இடம் பிடிக்காது. ஆனால் றோட்டில் ஓடாதீர்கள், விடியக்காலையில்கூட. பலகை காலைவிட்டு நழுவினால் இருபது முப்பது அடி தானாக உருளும். அதைத் துரத்திக்கொண்டு பிள்ளை ஓடும். எதிரே மினி பஸ் வரும்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, பாடசாலைகளின் கொங்கிறீற் வலைப்பந்து அல்லது கூடைப்பந்துத் திடல். இரண்டாவது, சனசமூக நிலையத்தின் சீமெந்து முற்றம். மூன்றாவது பலருக்கும் தோன்றாதது: கல்யாண மண்டபத்தின் வாகனத் தரிப்பிடம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, தரிப்பிடம் சும்மா கிடக்கும். மண்டபக்காரருக்கும் அந்த மாதங்களில் நாலு பேர் வந்துபோவது பிடிக்கும். ஆனால் பல மண்டபங்களில் கல் பதித்த தரைதான். கல்லுக்குக் கல் இடைவெளி இருந்தால் சக்கரம் கடகடவென்று அடிக்கும், புதியவர்களுக்குக் கால் நடுங்கும். கொங்கிறீற்றா, கல்லா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

இடத்தைச் சோதிக்க இரண்டு வேலை செய்யுங்கள். பலகையில் நின்று ஒரே ஒரு தள்ளுத் தள்ளி எவ்வளவு தூரம் போகிறது என்று அளவுங்கள். பத்து மீற்றரைத் தொடாவிட்டால் அந்தத் தரையில் பிள்ளைகள் களைத்துப்போவார்கள், பழக மாட்டார்கள். பிறகு ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில்தான் மண்ணும் சேரும், மழைக்குப் பிறகு பாசியும் பிடிக்கும். அந்த மூலையைச் சோக்கால் வட்டமிட்டு ஒதுக்கிவிடுங்கள்.

சின்னக் கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடினமான ஸ்கேட்போட் சக்கரம் பயறளவு கல்லில் பட்டாலே நின்றுவிடும். பலகை நிற்கும், ஆள் நிற்க மாட்டார். புதியவர்களின் விழுகைகளில் பெரும்பாலானவை இப்படி வருவதுதான், வித்தையால் அல்ல. ஒவ்வொரு முறையும் தொடங்க முன் இரண்டு திசையில் கூட்டுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் ஒரு மணித்தியாலத்துக்குள் மண் திரும்ப வந்துவிடும். இடையில் எல்லாரையும் இறக்கி ஒருமுறை கூட்டத்தான் வேண்டும். கூட்டுவதைப் பிள்ளைகளிடமே முறைபோட்டுக் கொடுங்கள். தான் கூட்டிய தரையில் எவரும் பிஸ்கற் பேப்பர் போடுவதில்லை.

போகக்கூடாத இடங்களும் உண்டு. கோட்டை பாதுகாக்கப்பட்ட தொல்லியற் சின்னம். பொதுநூலகத்தின் முன்றில் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் படிகளில் ஒரு துள்ளலை வீடியோ எடுத்தால் பார்வைகள் வரும். ஊர் கையைவிட்டுப் போகும்.

3. அனுமதிக் கடிதம்

இடம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்: மாநகர சபையா, பிரதேச சபையா, பாடசாலையா, தனியாருடையதா. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. கிழமை, நேரம், எத்தனை பிள்ளைகள், பொறுப்பான பெரியவர்களின் பெயர், தலைக்கவசம் கட்டாயம் என்பது, ஒலிபெருக்கி இல்லை என்பது, முடிந்ததும் கூட்டித் தருவோம் என்பது. இவ்வளவு போதும்.

நிரந்தர அனுமதி கேட்காதீர்கள். எட்டுக் கிழமைக்குக் கேளுங்கள். நிரந்தரம் என்றால் கூட்டம் கூடி முடிவெடுக்க வேண்டிய விஷயமாகிவிடும். எட்டுக் கிழமை என்றால் ஒருவரே “சரி, செய்து பாருங்கோ” என்று சொல்லிவிடலாம். எட்டுக் கிழமைக்குப் பிறகு அவர்களே கண்ணால் பார்த்திருப்பார்கள்.

இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் கிடைத்த திகதியோடு முத்திரை வாங்குங்கள். ஒரு படமும் இணைத்துவிடுங்கள். நான் முதலில் கொடுத்த கடிதத்தைப் பார்த்தவர் காலில் கட்டுகிற சக்கரச் சப்பாத்து என்று நினைத்து, “தரை கீறுப்படும்” என்று திருப்பிவிட்டார். அதிபர்களிடம் போகும்போது ஒரு தகவல் உதவும்: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஸ்கேட்போட் சேர்க்கப்பட்டது. டோக்கியோவில் பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வென்ற மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. பதின்மூன்று என்றதும் அதிபர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துப் பார்ப்பார்.

கிராம சேவையாளருக்கும், பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். முறைப்பாடு வருவதானால் அந்த வீடுகளிலிருந்துதான் வரும்.

4. பலகை, சக்கரம், தலைக்கவசம்

விளையாட்டுச் சாமான் கடையில் தொங்குகிற மலிவான பலகைகளை வாங்க வேண்டாம். அவற்றின் அச்சு பிளாஸ்ரிக். பாரம் ஏறினால் திரும்பாது, ஒரு மாதத்தில் உடையும். அதில் பழகிய பிள்ளை “எனக்கு இது வராது” என்று வீட்டுக்குப் போய்விடும். பிள்ளையில் பிழையில்லை, பலகையில்தான் பிழை.

நல்ல பலகை எங்களுக்குக் கிடைக்கிற வழி வெளிநாட்டுச் சூட்கேஸ்தான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற மாமாமாரின் வீட்டுக் கராஜில், பிள்ளைகள் வளர்ந்து விட்டுப்போன பலகை ஒன்று கிடக்கும். அதைக் கேளுங்கள். அச்சைக் கழற்றினால் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் பலகை பெரிய சூட்கேஸில் குறுக்காகக் கிடக்கும். ஓகஸ்டில் ஊருக்கு வருபவர்களுக்கு மே மாதமே சொல்லிவைக்க வேண்டும். யூலையில் கேட்டால் சூட்கேஸில் ஏற்கெனவே சொக்கிலேற் ஏறியிருக்கும்.

என்ன வேண்டும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். பலகை அகலம் 7.75 முதல் 8.25 அங்குலம் வரை. சக்கரத்தில் இரண்டு வகை வேண்டும்; 99ஏ, 78ஏ என்பவை கடினத்தின் அளவு. 99ஏ போன்ற கடினமானவை வழுவழுப்பான தரைக்கும் வித்தைக்கும். 78ஏ முதல் 87ஏ வரையான மென்மையானவை எங்கள் ஊர்ச் சொரசொரப்பான முற்றத்துக்கும் புதியவர்களுக்கும். ஆறில் நாலு பலகைக்கு மென்மையான சக்கரம் போடுங்கள்.

தலைக்கவசத்தைப் பாவித்ததாக வாங்காதீர்கள். உள்ளே வெடித்திருந்தால் வெளியே தெரியாது. ஈஎன் 1078 என்ற ஐரோப்பியத் தர இலக்கம் அச்சிட்ட சைக்கிள் கவசம் ஸ்கேட்போட்டுக்கும் பொருந்தும். மோட்டார்சைக்கிள் கவசத்தோடு பிள்ளையை அனுப்புகிற அப்பாமார் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அது பாரம், பக்கம் பார்க்க விடாது, கழுத்தை இழுக்கும். பணம் மிஞ்சினால் முழங்கால் காப்புக்கு முன் மணிக்கட்டுக் காப்பு வாங்குங்கள். விழுகிறவர் கையைத்தான் முதலில் ஊன்றுவார்.

கடற்காற்றில் போல் பெயரிங் சீக்கிரம் கறள் பிடிக்கும். கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். தேங்காயெண்ணெய் விட்டால் மண்ணோடு சேர்ந்து பசையாகிவிடும்.

5. ஒரே நாள், ஒரே நேரம்

சனிக்கிழமை பின்னேரம் நாலரை என்று வைத்தால் நாலரைதான். இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்கள். ஒரு கிழமை நீங்கள் வராவிட்டால், சைக்கிளில் மூன்று கிலோமீற்றர் வந்து திரும்பிய பிள்ளை அடுத்த கிழமை வராது. அந்தப் பிள்ளையின் அம்மா அதற்கடுத்த கிழமையும் விட மாட்டார்.

நேரத்தை ரியூசன்தான் தீர்மானிக்கும். தொடங்க முன் பத்து வீடுகளில் கேட்டு, எந்த நேரம் எந்த வகுப்புக்கு ரியூசன் இல்லை என்று கொப்பியில் கட்டம் போடுங்கள். ரியூசனோடு மோதி வென்ற விளையாட்டை நான் இங்கே கண்டதில்லை. வெளிச்சத்தையும் பாருங்கள்: மார்கழியில் ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும், ஆடியில் ஆறரை வரை இருக்கும். இருட்ட அரை மணித்தியாலம் முன்பே பலகைகளை வாங்கி வைத்துவிடுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் ஒரு ஸ்கேட் திடல் இருக்கிறது. அங்கே இரண்டு விதிகள்: பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கு முதலிடம். இரண்டையும் எடுத்துக்கொண்டேன். முதல் விதி எங்களிடம் “ரியூசனுக்குக் கள்ளம் போட்டவருக்குப் பலகை இல்லை” என்று மாறியது. பெற்றோர் எங்கள் பக்கம் வந்தது அந்த ஒரு வரியால்தான்.

6. முதல் மாதம் பழக்க வேண்டிய வரிசை

யூரியூப்பில் பார்த்துவிட்டு வருகிற எல்லாரும் முதல் நாளே ஒல்லி கேட்பார்கள். பின்முனையை நிலத்தில் அடித்துப் பலகையோடு துள்ளுகிற அந்த அடிப்படை வித்தையை எங்கள் பெடியள் ஒல்லி என்றே சொல்கிறார்கள். குண்டான ஒருவன் அதைச் செய்தால் சிரிப்பு வேறு. அதை முதல் மாதம் பழக்காதீர்கள். நிறுத்தத் தெரியாதவன் துள்ளப் பழகினால் இறங்கும்போது பலகை முன்னால் ஓடிவிடும்.

வரிசை இது: புல்லில் பலகையை வைத்து ஏறி இறங்குவது. விழப் பழகுவது, அதாவது கையை நீட்டி ஊன்றாமல் முழங்காலை மடித்துத் தோளால் உருள்வது. ஒரு காலால் தள்ளுவது. காலைத் தரையில் உரசி நிறுத்துவது. சாய்ந்து திரும்புவது. முன்சக்கரத்தை லேசாகத் தூக்கித் திரும்புவது. இதற்குப் பிறகுதான் ஒல்லி.

முதல் நாள் முடிய முன் ஒவ்வொரு பிள்ளையும் பத்து மீற்றர் விழாமல் உருள வேண்டும். வீட்டில் போய்ச் சொல்ல ஒரு கதை வேண்டும் அல்லவா.

7. மதிலில் இருப்பவர்கள்

பார்வையாளர் என்றதும் எல்லாரும் போனைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் முதல் பார்வையாளர் மதிலோரம் நிற்கிறார்: பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மா, சைக்கிளை நிறுத்தி எட்டிப்பார்க்கிற ஐயா, தம்பியோடு வந்த அக்கா.

மூன்றாம் கிழமை ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “தம்பி, இது விழுந்தெழும்புற விளையாட்டெல்லே. கையைக் கிய்யை முறிச்சா ஆர் பாக்கிறது?” நான் பாதுகாப்பு விதிகளை ஒப்புவித்தேன். அவர் கேட்டது அதையல்ல. யார் பொறுப்பு, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், யார் போன் எடுப்பார் என்று கேட்டார். இப்போது அதை எழுதியே கொடுக்கிறோம்: ஒரு பக்கச் சம்மதக் கடிதம், தமிழில், பொறுப்பானவரின் போன் இலக்கத்தோடு.

அவர்களுக்கு இருக்க இடம் கொடுங்கள். நிழலில் ஆறு கதிரை போதும். நிற்பவர் பத்து நிமிடத்தில் போவார். இருப்பவர் முடியும் வரை இருப்பார், அடுத்த கிழமை மச்சாளையும் கூட்டிவருவார்.

பெண்பிள்ளைகளுக்கு முதல் அரை மணித்தியாலத்தைத் தனியாக ஒதுக்குங்கள். பெடியள் ஆறு பலகையையும் பிடித்துவிட்டால் பெண்பிள்ளைகள் கேட்டு வாங்க மாட்டார்கள். மதிலோரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்றது இதற்குத்தான்.

8. வீடியோவும் வட்ஸ்அப்பும்

வட்ஸ்அப் குழு இரண்டு வையுங்கள். பெற்றோர் குழுவில் நீங்கள் மட்டும் எழுதலாம்: நேரம், மழையா இல்லையா, கூட்டிப்போகிற நேரம். ஓடுபவர்களின் குழு அவர்கள் பாடு. இரண்டையும் ஒன்றாக்கினால் காலை வணக்கப் படங்களுக்குள் உங்கள் அறிவித்தல் புதைந்துபோகும்.

வெளிநாட்டு வீரர்களின் வித்தைகளைப் பகிராதீர்கள். அவை உலகத்தில் எங்கும் கிடைக்கும். உங்களிடம் மட்டும் இருப்பது அந்த மதிலும் அந்தப் பிள்ளையும்தான். ஒரே பிள்ளையை ஒரே இடத்தில் முதல் கிழமையும் ஆறாம் கிழமையும் எடுத்து ஒட்டுங்கள். விழுந்ததையும் காட்டுங்கள், விழாத வீடியோவில் என்ன கஷ்டம் என்று பார்ப்பவருக்கு விளங்காது. போனைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பிடித்தால் சின்னத் துள்ளலும் பெரிதாகத் தெரியும்.

முகம் தெரிகிற வீடியோவுக்குப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேளுங்கள். பெண்பிள்ளைகள் விஷயத்தில் ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காமல் போட்ட ஒரு வீடியோவின் கீழ் யாரோ எழுதிய ஒரு வரியால் ஒரு குடும்பம் தன் மூன்று பிள்ளைகளையும் நிறுத்தியது. பிழை எங்களுடையது.

புலம்பெயர்ந்தவர்கள் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் போடுங்கள். கோடையில் அப்போது லண்டனில் பின்னேரம் நாலரை, ரொறன்ரோவில் காலை பதினொன்றரை. தலைப்பில் ஊர்ப் பெயரைப் போடுங்கள். “ஸ்கேட்போட்” என்று தேடி வராதவர் “சண்டிலிப்பாய்” என்ற சொல்லுக்கு நிற்பார்.

9. பெட்டியும் சாய்தளமும்

கொப்பியில் தொடர்ந்து நாலு கிழமை பன்னிரண்டு பெயருக்குக் குறையாமல் இருந்தால்தான் இந்தப் படி. அதற்கு முன் மரம் வாங்கினால் மரம் மழையில் நனையும்.

முதலில் ஒரு பெட்டி: ஆறடி நீளம், இரண்டடி அகலம், எட்டு அங்குல உயரம். மேல் விளிம்பில் இரண்டு அங்குல எல் வடிவ இரும்பு. திருகாணித் தலைகள் உள்ளே புதைந்திருக்க வேண்டும். ஒன்று துருத்தினாலும் சக்கரம் பிடிக்கும். விளிம்பில் மெழுகுதிரியைத் தேயுங்கள், இரும்பும் அச்சும் வழுக்கும். தரையில் மெழுகு படக்கூடாது.

அடுத்து ஒரு சின்னச் சாய்தளம்: ஒரு அடி உயரம், நாலடி நீளம். கீழ் விளிம்பில் தகரம் அடியுங்கள், சக்கரம் இடறாது.

வளைந்த உயரமான சாய்தளத்தை முதல் வருடம் கட்டாதீர்கள். அதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். ஆனால் அதில் மேலிருந்து இறங்கத் தெரிந்தவர் உங்களிடம் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மற்றப் பத்துப் பேரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

10. திகதி

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம்: மழை. அந்த மாதங்களைப் பலகை திருத்தவும் பெட்டி செய்யவும் வைத்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறையில் பட்டப் போட்டி. சனம் அங்கே போகும். மார்ச் மாதம் வடக்கின் பெரும் சமர் என்ற பாடசாலைக் கிரிக்கெற் போட்டி நடக்கிற நாட்களில் ஆண்பிள்ளைகள் எவரையும் காண மாட்டீர்கள். பரீட்சைத் திகதிகள் இந்தச் சில வருடங்களாக முன்னும் பின்னும் போனதால், பழைய நாட்காட்டியை நம்பாமல் அறிவித்தலைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சனம் நிற்கும், அவர்களின் பிள்ளைகளில் நன்றாக ஓடுகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் அதே நேரம் நல்லூர்க் கொடியேறி 25 நாள் திருவிழா. நல்லூரைச் சுற்றி வீதி மூடப்படும். திருவிழாவுக்கு முதல் கிழமையையோ முடிந்த அடுத்த கிழமையையோ பிடியுங்கள். திருவிழா நாட்களில்தான் வைக்க வேண்டி வந்தால் கடையில் மரக்கறி ரோல்ஸ் மட்டும்.

11. பார்ப்பவருக்கு விளங்கும் போட்டிகள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தெருப் பிரிவில் ஒருவருக்கு 45 விநாடி ஓட்டம் இரண்டு, தனி வித்தை ஐந்து. அதைப் பார்த்து நாங்களும் 45 விநாடி ஓட்டம் வைத்தோம். எங்கள் பெடியள் பத்தாவது விநாடியில் விழுந்து, மீதி முப்பத்தைந்து விநாடியும் பலகையைத் துரத்தினார்கள். சனம் எழும்பிப் போனது.

வித்தையின் பெயர் தெரியாதவருக்கும் யார் வென்றார் என்று கண்ணால் தெரிய வேண்டும். அதனால் இவற்றை இந்த ஒழுங்கில் வையுங்கள்.

முதலில் மூன்று தள்ளு: மூன்றே மூன்று தரம் தள்ளி எவ்வளவு தூரம் உருளலாம். நாடா பிடித்து அளவுங்கள். ஒரு மாதம் பழகிய பத்து வயதுப் பிள்ளையும் இதில் வெல்லலாம், அம்மாவும் நிற்பார். அடுத்தது கயிற்றுக்குக் கீழ் குந்திப் போவது. கயிறு இறங்க இறங்கச் சிரிப்பு ஏறும். மூன்றாவது உயரத் துள்ளல். தடையாகப் பழைய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள், செங்கல் வேண்டாம்.

நாலாவதுதான் எங்கள் சனத்துக்கு மிகப் பிடித்தது. ஸ்கேட் என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்தை வைத்து உலகமெங்கும் விளையாடுவதை நாங்கள் பனங்காய் ஆக்கிவிட்டோம். ஒருவர் ஒரு வித்தை செய்வார். மற்றவர் அதையே செய்ய வேண்டும். தவறினால் ஓர் எழுத்து. ப, ன, ங், கா, ய் ஐந்தும் சேர்ந்தால் வெளியே. ஒவ்வொரு எழுத்தையும் சனமே கத்தும். “ய்” எப்படிக் கத்துவது என்று மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கடைசியாகப் பெட்டியில் இருபது நிமிடச் சிறந்த வித்தை. முறைபோடாமல் எல்லாரும் மாறி மாறி ஓடலாம்; நடுவர் மூன்று பேர். போட்டியில் இருக்கும் பிள்ளையின் உறவினர் நடுவராக வேண்டாம்.

பரிசு காசாக வேண்டாம். சக்கரம், போல் பெயரிங், பலகை கொடுங்கள். காசு வீட்டுக்குப் போகும், சக்கரம் திரும்பத் திடலுக்கு வரும்.

12. போட்டி நாள்

சனத்தைத் திடலின் மேற்குப் பக்கம் இருத்துங்கள். பின்னேர வெயில் முதுகில் விழும், கண்ணில் குத்தாது. கமெராவும் அந்தப் பக்கமே. முன்வரிசைக்கும் ஓடுதளத்துக்கும் இடையில் மூன்று மீற்றர் விட்டு, பழைய டயர்களை வரிசையாகப் படுக்க வையுங்கள். பார்ப்பவர்களுக்கு ஆபத்து ஓடுபவரால் வருவதில்லை, ஆளில்லாமல் ஓடிவருகிற பலகையால் வரும். கணுக்காலில் பட்டால் நட்சத்திரம் தெரியும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள், சின்னதாக இருந்தாலும். அறிவிப்பாளருக்கு வெளியே தேட வேண்டாம். மின்னொளியில் நடக்கிற உதைபந்தாட்ட, கரப்பந்தாட்டப் போட்டிகளில் மைக் பிடிக்கிற அண்ணாமார் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். போட்டிக்கு முதல் நாள் அவரைத் திடலுக்குக் கூப்பிட்டு ஆறு வித்தைகளைக் காட்டுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். இருபது வித்தை சொல்லிக்கொடுத்தால் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்வார்.

பிரதம விருந்தினரைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிடாமல் இந்த ஊரில் ஒன்றும் நடக்காது. ஆனால் பரிசளிப்புக்குக் கூப்பிடுங்கள். போட்டி நாலரைக்கு, அவருக்கு ஐந்தேமுக்கால். பிந்தினால் போட்டி நிற்காது, நேரத்துக்கு வந்தால் கடைசி வித்தைகளைப் பார்ப்பார். பேச்சு ஒன்று, மூன்று நிமிடம். மாலை வேண்டுமானால் போடுங்கள்.

முதலுதவிக்குச் செஞ்சிலுவைச் சங்கக் கிளையிடமோ சென். ஜோன் அம்புலன்ஸ் பிரிவிடமோ முன்கூட்டியே கேளுங்கள். பெட்டி நிறைய ஐஸ், கட்டுத்துணி, கையை அசையாமல் கட்ட மட்டை வேண்டும். 1990 என்ற அம்புலன்ஸ் அழைப்பு இலக்கத்தைத் திடலின் மதிலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வாசலை வாகனம் மறிக்காமல் ஒருவரை நிறுத்துங்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது. “எனக்கு ஒண்டுமில்லை அண்ணா” என்று கெஞ்சினாலும், இறுதிச் சுற்றாக இருந்தாலும்.

சாப்பாட்டுக் கடையைப் பெற்றோரிடம் கொடுங்கள். வடை, ரோல்ஸ், நெல்லி கிறஷ். கடை வைத்த அம்மா பார்வையாளர் அல்ல, நிகழ்வின் சொந்தக்காரி.

13. காசு

பணம் கேட்காமல் பொருள் கேளுங்கள். ஹாட்வெயார் கடையிடம் பிளைவூட், வெதுப்பகத்திடம் பணிஸ், அச்சகத்திடம் நூறு துண்டுப்பிரசுரம். பிளைவூட் தந்தவரின் பெயரைப் பெட்டியின் பக்கத்தில் பெயின்றால் எழுதுங்கள். பனர் ஒரு நாள்தான். பெட்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் திடலில், ஒவ்வொரு வீடியோவிலும் நிற்கும். மதுபானம், சூதாட்டக் காசு வேண்டாம். பெற்றோர் ஒரே நாளில் போய்விடுவார்கள். பார்க்க வருபவரிடம் ரிக்கெற் வாங்காதீர்கள். வரவு செலவை எழுதிப் பெற்றோர் குழுவில் அந்தக் கிழமையே போட்டுவிடுங்கள், கேட்க முன்.

14. அடுத்த சனிக்கிழமை

போட்டிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டு கொடுங்கள்: “அடுத்த சனி நாலரைக்கு இதைக் கொண்டுவந்தால் முதல் பலகை உனக்கு.” பார்த்த அன்று ஆசை இருக்கும், ஒரு கிழமையில் ஆறிவிடும். துண்டு மேசையில் கிடந்தால் ஞாபகப்படுத்தும். அன்றைக்கு உதவிக்கு வழமையைவிட இரண்டு பேர் கூட வேண்டும். இருபது புதியவர்கள் வந்து ஆறு பலகைக்கு வரிசையில் நின்று களைத்தால் அதோடு சரி.

இரவு கொப்பியை எடுத்துப் போட்டிக்கு முந்திய சனிக்கிழமையோடு ஒப்பிடுங்கள். பழைய பெயர்களில் யார் வரவில்லை என்று பார்த்து அவர்களுக்குத்தான் முதலில் போன் எடுங்கள். தோற்றவர்கள் சில நேரம் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள்.

யாராவது காயப்பட்டிருந்தால் போன் போதாது. தோடம்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போங்கள், மறுநாளே. அந்த ஒழுங்கையில் இருக்கிற மற்றப் பிள்ளைகள் வருவார்களா என்பது அந்த அம்மாவின் கையில். நான் அன்று போன வீட்டில் அரை மணித்தியாலம் ஏச்சு வாங்கினேன். பிறகு தேத்தண்ணி தந்தார்கள். கட்டோடு வீட்டில் இருந்த பெடியனைச் சனிக்கிழமை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து கொப்பியை அவனிடம் கொடுத்தேன். ஆறு கிழமை அவன்தான் பெயர் எழுதினான், இடது கையால். அந்தப் பக்கங்களை வாசிப்பது இன்றைக்கும் கஷ்டம்.